நடமாடும் வாட்டர் வாஷ் தொழிலுக்குச் சாஃப்ட்னர் தண்ணீர் பயன்படுமா? (சேலம் போர் தண்ணீர்)

கருப்பூர் வாகனப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சூரமங்கலம், ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பகுதிகளில் வீட்டு வாசலுக்கே சென்று கார், வேன் ஆகியவற்றைக் கழுவிக் கொடுக்கும் தொழில் செய்து வருகிறேன். சிறிய சரக்கு வண்டியில் 500 லிட்டர் தொட்டியும், பெட்ரோல் இயந்திரத்தில் ஓடும் பிரஷர் வாஷரும் பொருத்தியிருக்கிறேன். வாஷரின் அழுத்தம் 150 பார், நீரோட்டம் நிமிடத்திற்கு 12 லிட்டர். தண்ணீரை எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிரப்பிக்கொள்கிறேன்.

அந்தத் தண்ணீரைச் சோதித்ததில் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றும், டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள மொத்த உப்பின் அளவு) 1100 என்றும் அறிக்கை வந்துள்ளது. கறுப்பு, அடர் நீல நிறக் கார்களைக் கழுவி வெயிலில் நிறுத்தினால் வெள்ளைப் புள்ளிகள் படிந்துவிடுகின்றன. வாடிக்கையாளர்கள் வருத்தப்படுவது நியாயமே. நாசில் துளைகளும் அடிக்கடி அடைத்துக்கொள்கின்றன, ஷாம்புவும் தேவைக்கு மேல் செலவாகிறது. சங்ககிரிப் பக்கம் லாரிகளைக் கழுவுவதற்காகச் சுடுநீர் வாஷர் ஒன்றும், கூரை மீதுள்ள சோலார் பலகைகளைத் துடைக்கும் பணியும் அடுத்ததாகத் திட்டத்தில் உள்ளன.

ஒரு விற்பனையாளர், 25 லிட்டர் ரெசின் கொண்ட சாஃப்ட்னரை (கடின நீரை மென்னீராக்கும் கருவி) வண்டியிலேயே பொருத்திக்கொண்டால் புள்ளி, அடைப்பு, ஷாம்பு செலவு ஆகிய அனைத்தும் தீர்ந்துவிடும் என்கிறார். இது முழுவதும் உண்மையா? வண்டியில் வைப்பது சரியா, வீட்டில் வைப்பது சரியா? சாஃப்ட்னர் தண்ணீர் பம்புக்கோ வண்டிகளின் பெயின்ட்டுக்கோ கேடு செய்யுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நீர்மானி எழுதியது:

தம்பி, விற்பனையாளர் சொன்னதில் ஷாம்புவும் அடைப்பும் பற்றிய பகுதி உண்மை. புள்ளியைப் பற்றிய பகுதி உண்மையில்லை. தண்ணீர்ச் சுத்திகரிப்புத் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், காசு கொடுப்பதற்கு முன் இந்த வேறுபாட்டை நீங்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கருப்பூர் சுற்றுவட்டாரத்தில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் பூமிக்கடியில் பரவிக் கிடப்பதால், அங்குள்ள போர் தண்ணீரில் கால்சியத்தோடு மக்னீசியமும் மிகுதியாகக் கரைந்திருக்கும். இந்திய தர நிர்ணய அமைப்பின் 10500 எண் கொண்ட குடிநீர்த் தரம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வகுத்துள்ளது. உங்கள் தண்ணீர் அந்தக் கடைசி எல்லையில் நிற்கிறது.

சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் தம்மிடமுள்ள சோடியத்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நடப்பது கொடுக்கல் வாங்கல் மட்டுமே; தண்ணீரிலுள்ள மொத்த உப்பு சிறிதும் குறைவதில்லை. 40 மில்லிகிராம் கால்சியம் வெளியேறினால் அந்த இடத்தில் 46 மில்லிகிராம் சோடியம் வந்து சேர்கிறது. மக்னீசியமாக இருந்தால் 24 மில்லிகிராம் போய் அதே 46 மில்லிகிராம் வருகிறது. ஆகவே மக்னீசியம் மிகுந்த உங்கள் தண்ணீரைச் சாஃப்ட்னரில் விட்டால் டிடிஎஸ் 1100 என்பது சற்றுக் கூடத்தான் செய்யும். கார் மேல் நிற்கும் துளி வெயிலில் வற்றும்போது அதிலுள்ள உப்பு அனைத்தும் அங்கேயே தங்கிவிடும். அது கால்சியம் உப்பா, சோடியம் உப்பா என்பது மட்டுமே மாறுகிறது.

அந்த மாற்றத்திலும் ஒரு நன்மை இருப்பதை மறுக்க முடியாது. கால்சியம் கார்பனேட் புள்ளி பெயின்ட்டின் மேல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதைக் கரைக்க நீர்த்த வினிகரோ சிட்ரிக் அமிலமோ தேவைப்படும். சோடியம் உப்புகள் தண்ணீரில் கரைபவை என்பதால் ஈரத் துணியால் துடைத்தாலே போய்விடும். ஆனால் நம் பகுதியின் பாறை நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவைச் சாஃப்ட்னர் தொடுவதே இல்லை. அது படிந்து இறுகிவிட்டால் வினிகரும் அதை அசைக்காது. எனவே கழுவி முடித்ததும் நிழலில் நிறுத்தி, ஒவ்வொரு பகுதியாக மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கும் பழக்கத்தைச் சாஃப்ட்னர் வாங்கிய பிறகும் நீங்கள் விடவே கூடாது.

புள்ளியே விழாமல் இருக்க வேண்டுமென்றால் கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரை, அதாவது நுண்சவ்வில் வடித்து உப்பை நீக்கிய தண்ணீரை, பயன்படுத்துங்கள். 500 லிட்டரையும் ஆர்ஓ ஆக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு காருக்கு 15 லிட்டர் போதும். மணிக்கு 10 லிட்டர் தரும் வீட்டு உபயோக ஆர்ஓ இயந்திரத்தை இரவு முழுவதும் ஓடவிட்டு ஒரு டிரம்மில் சேமித்தால், விடிவதற்குள் ஆறு கார்களுக்கு வேண்டிய தண்ணீர் கிடைத்துவிடும். அந்த இயந்திரத்தில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற சிறு திருகு இருக்கும். குடிநீருக்குச் சுவை வேண்டும் என்பதற்காகச் சுத்திகரிக்காத நீரை அது கொஞ்சம் கலந்துவிடும். அதை முழுவதும் மூடிவிடுங்கள். தாதுச் சத்து சேர்க்கும் குடுவை இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். வெளிவரும் தண்ணீரின் டிடிஎஸ் 50க்குக் கீழே இருந்தால் கறுப்புக் காரிலும் கண்ணுக்குத் தெரியும்படியான புள்ளி விழாது. தெளிப்பதற்கு விவசாயிகள் வைத்திருக்கும் பேட்டரி மருந்துத் தெளிப்பான் போதும். ஆனால் அது புதியதாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து ஊற்றிய தெளிப்பானைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் சாஃப்ட்னர் உண்மையாகவே உதவுவது இங்கேதான். 600 கடினத்தன்மையுள்ள தண்ணீரை நேரடியாக ஆர்ஓ இயந்திரத்தில் விட்டால் அதன் சவ்வு விரைவில் சுண்ணாம்பு படிந்து அடைத்துவிடும். சாஃப்ட்னர் தண்ணீரை விட்டால் சவ்வு நெடுநாள் உழைக்கும். மேலும், கடின நீரில் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகத் திரிந்துவிடும். இன்றைய கார் ஷாம்புகள் சோப்பு வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதால் அவற்றில் பிசுக்கு குறைவு; ஆனாலும் மென்னீரில் நுரை நன்கு எழும் என்பதால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பதை நீங்களே கலந்து பார்த்து முடிவு செய்யுங்கள். ஷாம்புவைக் குறைக்காமல் பழைய அளவிலேயே ஊற்றினால் நுரை அலசி முடியாது. மிச்சப்படுத்திய காசு தண்ணீராகச் செலவாகிவிடும்.

இனி இடம். 25 லிட்டர் ரெசினை வண்டியில் வைக்க வேண்டாம், வீட்டில் வையுங்கள். கணக்கு எளிது. ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று கொண்டால் 25 லிட்டருக்கு 1250 கிராம். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 0.6 கிராம் இருப்பதால் சுமார் 2000 லிட்டருக்குப் பின் ரெசின் களைத்துவிடும். அதாவது நான்கு தொட்டி நிரப்பியதும் உப்புக் கரைசல் விட்டு ரெசினைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 4 கிலோ உப்பும், ஒரு மணி நேரத்திற்குக் குறையாத பொழுதும், அலசுவதற்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீரும் தேவை. வாடிக்கையாளர் வாசலில் நின்றுகொண்டு செய்யக்கூடிய வேலை அன்று அது. வீட்டில் சாஃப்ட்னரை வைத்து, தொட்டியை மென்னீரால் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் வண்டியில் சுமையும் குறையும். கம்பிரசர் போல இன்னொரு கருவி வைக்க இடமும் மிஞ்சும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது. சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் அது ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுவதால் பலர் இயந்திரம் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கடினத்தன்மையைச் சோதிக்கச் சொட்டு மருந்துப் பெட்டி விற்கிறார்கள். தண்ணீரில் நிறங்காட்டி இட்டதும் சிவப்பாக மாறினால் கடினம் இருக்கிறது, உடனே நீலமாக நின்றால் மென்னீர். தொட்டி நிரப்பும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்து பாருங்கள். அறிக்கையை மறுபடி உறுதி செய்ய விரும்பினால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம்.

சேர்வராயன் தோட்டவீடு எழுதியது:

அண்ணா, வணக்கம். ஏற்காட்டில் விருந்தினர் தங்கும் வீடுகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். சேலத்திலிருந்து வரும் கழுவும் வண்டிகளை அவ்வப்போது அழைப்பதால், மலைக்கு வரும் எண்ணம் இருந்தால் உங்களுக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்கிறேன்.

இங்கே ஊற்று நீரும் மழை நீரும் பெரும்பாலும் மென்மையானவை. சோப்புப் போட்டுக் குளித்தாலே தெரியும். ஆகவே சாஃப்ட்னர் தண்ணீரைச் சுமந்துகொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வர வேண்டிய கட்டாயமில்லை. பாதி நிரம்பிய 500 லிட்டர் தொட்டி வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அலைமோதுவது ஓட்டுநருக்குப் பெரும் ஆபத்து. தொட்டிக்குள் தடுப்புத் தகடு இல்லையென்றால் காலியாகவே மேலேறி வாருங்கள், அல்லது முழுவதும் நிரப்பி, வண்டி தாங்கும் எடையைச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.

ஆனால் மலைநீருக்கு அதற்கே உரிய தொல்லை உண்டு. செம்மண் கலங்கலும் இலைத்தூளும் இரும்பும் அதில் இருக்கும். வடிகட்டி இல்லாமல் பம்பை மாட்டினால் நாசில் அடைப்பது சுண்ணாம்பினால் அல்ல, மண்ணினால் என்பதை வந்த அன்றே அறிந்துகொள்வீர்கள். கோடையில், குறிப்பாகக் கோடை விழா நடக்கும் மே மாதத்தில், கூட்டம் மிகுந்து எங்கள் தொட்டிகளே வற்றிவிடும். அப்போது வீட்டுத் தண்ணீரைக் கேட்காதீர்கள். முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இங்கே வேலை பெரும்பாலும் சுவரிலும் நடைபாதையிலும் படியும் பாசியை நீக்குவதுதான். அதற்கு மென்னீரோ கடின நீரோ எதுவானாலும் வேறுபாடில்லை. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடித்தால் அதிலுள்ள கால்சியம் சுவரில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும். அதைப் பார்த்துத் தண்ணீரைக் குறை சொல்வார்கள். திரவமாக விற்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டைப் பயன்படுத்தினால் அந்தக் குறை வராது. எதைப் பயன்படுத்தினாலும் காப்பிச் செடிகளின் வேர்ப் பக்கம் வழிந்தோடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கழிவறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள். சேர்ந்தால் எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

கருப்பூர் வாகனப்பணி எழுதியது:

ஐயாவுக்கும் தங்கைக்கும் மிக்க நன்றி. சாஃப்ட்னரை வீட்டில் வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். சுடுநீர் வாஷரைப் பற்றியும் சோலார் பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? அத்துடன், ரெசினைப் புதுப்பித்த பின் வெளிவரும் உப்புத் தண்ணீரை எங்கே விடுவது? எங்கள் வீட்டுப் பின்புறம் வாழையும் இரண்டு தென்னைகளும் உள்ளன. காந்தத்தைக் குழாயில் மாட்டினால் உப்பே தேவையில்லை என்று இன்னொருவர் சொல்கிறார், அதையும் கேட்டுவிடுகிறேன்.

சங்ககிரி டீசல் எழுதியது:

சுடுநீர் வாஷரைப் பொறுத்தவரை மென்னீர் என்பது விருப்பம் அன்று, கட்டாயம். குளிர்ந்த நீர் பம்பின் வழியாகப் போகும்போது சுண்ணாம்பு பெரும்பாலும் கரைந்தபடியே சென்றுவிடும். நாசில் முனையில் நீர் உலரும் இடத்தில் மட்டும் படியும். சுடும்போது தண்ணீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கார்பனேட்டாகிக் காயிலின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. காயில் என்பது டீசல் பர்னரின் நெருப்புக்குள் சுற்றியிருக்கும் நீண்ட இரும்புக் குழாய். அதன் உள்ளே படிவு ஏற ஏற வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தங்கிவிடுவதால், டீசல் கூடுதலாக எரியும், தண்ணீர் சூடாகாது, கடைசியில் குழாய் பழுத்து ஓட்டை விழும். உங்கள் 600 கடினத்தன்மையுள்ள தண்ணீரைச் சுடுநீர் வாஷரில் விட்டால் காயில் நெடுநாள் தாங்காது.

பல சுடுநீர் வாஷர்களில் படிவுத் தடுப்புத் திரவம் ஊற்றுவதற்கென்று ஒரு சிறு தொட்டி இருக்கும். கடினத்தன்மை குறைந்த மேட்டூர்க் காவிரித் தண்ணீருக்கு அது போதுமானது. உங்கள் போர் தண்ணீருக்குப் போதாது. லாரியின் அடிப்பகுதிக் கிரீஸை எடுக்கக் காஸ்டிக் கலந்த திரவத்தைப் பயன்படுத்தும்போதும் கடின நீர் தொல்லை தரும்; காஸ்டிக் சேர்ந்ததும் கால்சியமும் மக்னீசியமும் வெண்மையாகத் திரிந்து சேஸிஸ் மேல் படலமாக நிற்கும். மென்னீரில் அந்தப் படலம் வருவதில்லை.

மென்னீர் பம்பைக் கெடுக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ரெசினை அலசி முடித்த பிறகு எடுத்த தண்ணீர் கெடுக்காது. சரியாக அலசாமல், உப்புக் கரைசல் மிச்சமிருக்கும்போதே தொட்டியை நிரப்பினால் அந்த உப்பு பம்பையும் வாடிக்கையாளரின் வண்டியையும் துருப்பிடிக்க வைக்கும். இங்கேதான் டிடிஎஸ் மீட்டர் உதவும்: அலசும்போது வெளிவரும் நீரின் அளவீடு, உள்ளே போகும் நீரின் அளவீட்டுக்கு அருகில் இறங்கிய பிறகே தொட்டிக்குத் திருப்புங்கள்.

நீர்மானி எழுதியது:

மேலே சொன்ன அனைத்தும் சரி. மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

சோலார் பலகைகளுக்குச் சாஃப்ட்னர் தண்ணீர் மட்டும் போதாது. பலகையை யாரும் துணியால் ஒற்றி எடுப்பதில்லை, வெயிலிலேயே காய்கிறது. ஆகவே டிடிஎஸ் 1100 உள்ள மென்னீர் ஒரு வெண்படலத்தை விட்டுச் செல்லும், ஒளி உள்ளே போவது தடைபடும். ஆர்ஓ தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு, கண்ணாடி குளிர்ந்திருக்கும் அதிகாலையில் செய்யுங்கள். பிரஷர் வாஷரைப் பலகை மேல் திருப்பவே வேண்டாம். ஓரத்து இணைப்புகளுக்குள் நீர் புகுந்துவிடும். பெரிய ஒப்பந்தம் கிடைத்தால் மணிக்கு 250 லிட்டர் தரும் ஆர்ஓ பற்றி அப்போது யோசிக்கலாம். இப்போதே வாங்கிக் கடனில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

காந்தம் மாட்டுவது பற்றி: மாட்டுவதற்கு முன்னும் பின்னும் சொட்டு மருந்துச் சோதனை செய்து பாருங்கள், இரண்டிலும் கடினத்தன்மை ஒன்றாகவே இருக்கும். கால்சியத்தை வெளியே எடுக்காத ஒரு கருவியை நம்பிச் சுடுநீர்க் காயிலைப் பணயம் வைக்க முடியாது.

ரெசினுக்குக் கல்லுப்பே போதும், அயோடின் கலந்த தூளுப்பு வேண்டாம். கல்லுப்பு மூட்டையில் மண் இருக்கும் என்பதால் தனி வாளியில் கரைத்து, தெளியவிட்டு, துணியில் வடித்த பிறகே செலுத்துங்கள். போரிலிருந்து வரும் நீர் சாஃப்ட்னருக்குள் நுழையும் முன் ஒரு வண்டல் வடிகட்டி கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீரில் இரும்பு இருந்தால் ரெசின் பழுப்பாகி அதன் கொள்திறன் குறைந்துவிடும், ஆகவே அடுத்த சோதனையில் இரும்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

கழிவு உப்பு நீர் வாழைக்கும் ஆகாது, தென்னைக்கும் ஆகாது. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் என்று சொல்வார்கள். அதை நம்பி வாரந்தோறும் ஊற்றினால் மண்ணில் சோடியம் ஏறி, மழை பெய்தாலும் நீர் உள்ளிறங்காமல் மண் இறுகிவிடும். உறிஞ்சுகுழியில் விட்டால் அது உங்கள் போருக்கே திரும்பி வரும். உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதில் விடலாம். இல்லையென்றால் புதுப்பிக்கும்போது வெளிவரும் நீரை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் வெளிவரும் உப்பு மிகுந்த 70, 80 லிட்டரை மட்டும் கனமான தார்ப்பாய் விரித்த ஆழமற்ற தொட்டியில் விட்டு வெயிலில் வற்றவிடுங்கள்; மாசி முதல் வைகாசி வரை சேலத்து வெயிலுக்கு அது தாராளமாக வற்றும். பின்னால் வரும் அலசல் நீரில், டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண் போர் தண்ணீரின் எண்ணை நெருங்கிய பகுதியைத் தனி டிரம்மில் பிடித்துவைத்து, சிமென்ட் தரையைக் கழுவப் பயன்படுத்தலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியின் மேல் தகரம் போட்டு மூட மறக்காதீர்கள். நிரம்பி வழிந்தால் நேராக வாழைக்குத்தான் போகும்.